மணிக்கு முப்பத்தெட்டு முறை

அத்தியாயம் பதினேழு

அந்தப் பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. ஒன்பது நாட்களும் ரோலண்ட் வாவ்ரா சீட்டியடித்துக்கொண்டே இருந்தான்.

ஆர்லீனுக்கு அந்தச் சீட்டி பிடிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடத் திருமண வாழ்க்கையில் கணவன் சீட்டியடித்த நாட்கள் எல்லாம் அவன் யாரையாவது ஏமாற்றிவிட்டு வந்த நாட்கள்தான். இந்த முறை ஏமாற்றியதில் அவளுக்கும் பங்கு இருந்தது.

பிப்ரவரியில் அவன் லாரி ஓட்டுநருக்கான மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, கிளினிக்கில் ஹோல்கம் என்ற பெண் அவன் கழுத்தை நாடாவால் சுற்றி அளந்தாள். பதினெட்டரை அங்குலம். எடை இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. வயது ஐம்பத்தேழு. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு சோதனைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். விரலில் ஒரு கவ்வி, மார்பைச் சுற்றி ஒரு பட்டை, மூக்குக்குக் கீழே ஒரு குழாய். ஓர் இரவு அணிந்து தூங்கினால் போதும்.

கிராண்ட் ஐலண்ட் நகரத்தில் மாடு இறக்கும் இடத்தில் மற்ற ஓட்டுநர்கள் அவனுக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள். பெட்டிக்கு முகம் தெரியாது. வீட்டில் ஒல்லியாக இருப்பவர் யாரோ, அவருக்கு மாட்டிவிடு.

ஆர்லீன் நூற்றுப் பதினெட்டு பவுண்டு. அவனுடைய குறட்டைக்குப் பயந்து பதினோரு வருடங்களாகத் தையல் அறையில் தனியாகப் படுப்பவள். பெட்டியை மாட்டிக்கொள்ள அவள் சம்மதித்தது அன்பினால் அல்ல. அட்டை போய்விட்டால் அவன் நாள் முழுவதும் வீட்டில் இருப்பான். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தச் சீட்டி நின்றது.

*

காலைச் சவாரியை முடித்துவிட்டு ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை முற்றத்தில் அவனுடைய மாட்டு லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள் ஆர்லீன். இன்ஜினை அணைத்த பிறகும் சிறிது நேரம் இருக்கையிலேயே இருந்தாள். நெற்றியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியதுபோல் தலைவலி. தினமும் காலையில் வருவதுதான். மாதவிடாய் நின்ற வயதில் அப்படித்தான் இருக்கும் என்று நகர மருத்துவர் ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன்பு சொன்னார். உன் புருஷன் குறட்டைதான் காரணம் என்று மற்ற எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு இரண்டாவது பதில்தான் பிடித்திருந்தது.

சமையலறைக்குள் நுழைந்தபோது மேஜைமேல் கிடந்த அவனுடைய தொலைபேசியில் ஹோல்கம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அதைச் சத்தமாக வைத்திருந்தான். நல்ல சேதி வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"மிஸ்டர் வாவ்ரா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"லாரி ஓட்டறவன்மா நான். எப்பவுமே உட்கார்ந்துதான் இருப்பேன்."

"முடிவு வந்துடுச்சு. நல்லா இல்ல. மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நின்னிருக்கு. அஞ்சுக்குள்ள இருந்தா சரி. முப்பதைத் தாண்டினா கடுமைன்னு சொல்வோம். ஒரு தடவை ஐம்பத்தோரு செகண்டு நின்னிருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் எழுபத்துநாலு சதவீதத்துக்கு எறங்கியிருக்கு."

ரோலண்ட் தலையை உயர்த்தி ஆர்லீனைப் பார்த்தான். அவள் ஒரு கையுறையைக் கழற்றிய நிலையில் நின்றிருந்தாள்.

"தப்பா வந்திருக்கும்," என்றான்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. உங்களுக்கு இல்லாத காரணமே இல்ல சார். தடிச்ச கழுத்து, எடை, நாப்பது தாண்டின ஆம்பளை, ரத்தக்கொதிப்பு, படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பீர். பெரியவங்கள்ல பத்துப் பேரை நிறுத்தினா ஒருத்தர் ரெண்டு பேருக்காவது இது இருக்கும். லாரி ஓட்டறவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர். அதுல பாதிக்கு மேல தனக்கு இருக்கறதே தெரியாம ஓட்டிட்டிருக்காங்க."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு வராதில்ல?"

"யார் சொன்னது? கீழ்த்தாடை சின்னதா உள்ள தள்ளி இருந்தா வரும். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னப்புறம் ஆம்பளைங்களுக்கு வர்ற மாதிரியே வரும். சில பேருக்குக் குறட்டைகூட பெருசா இருக்காது. தலைவலி, அசதி, எதுக்கெடுத்தாலும் எரிச்சல்னு சொல்வாங்க. யாரும் காதுல போட்டுக்கறதில்ல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

"உங்க அட்டை இன்னிலேருந்து நிறுத்தம். மூச்சுக்கருவி அனுப்பறோம். ஒரு மாசம் ஒழுங்கா மாட்டித் தூங்கிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

தொடர்பு அறுந்தது. ஆர்லீனின் கை தானாக முகவாய்க்குப் போயிருந்தது. சின்ன முகவாய். அவள் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கோழிக்குஞ்சு என்று கூப்பிடுவார்கள்.

ரோலண்ட் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ?" என்றான் ரோலண்ட்.

"தூங்கினேன். நீ சொன்ன மாதிரி."

"அதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியல உனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சிரிக்கற? என் சோறு போச்சு. ராத்திரி பூரா நீ செத்துச் செத்துப் பொழைச்சிருக்க, அதுவும் என் பேர்ல!"

"அதனால என்ன? முப்பத்து மூணு வருஷமா அதைத்தானே செஞ்சிட்டிருக்கேன்."

அவன் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டான். கெல்சிதான் ஹோல்கமிடம் அவன் குறட்டையைப் பற்றி ரகசியமாகச் சொன்னவள் என்று அவனுக்குப் போன வாரமே தெரிந்துவிட்டிருந்தது. அவள் எடுத்ததும், "இப்ப சந்தோஷமா? அட்டையைப் புடுங்கிட்டாங்க. வந்து கைதட்டிட்டுப் போ," என்று கத்தி வைத்துவிட்டான்.

*

கெல்சி பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். கைதட்டத்தான் வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தானியக் கிடங்கு அலுவலகத்தில் வேலை; சட்டையெல்லாம் சோளத் தூசி. ஆர்லீன் மூன்று கிண்ணங்களில் சில்லி என்ற இறைச்சிக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் இனிப்பான சின்னமன் ரோல் ரொட்டியை வைத்தாள். யாரும் தொடவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றாள் கெல்சி. "இன்னொரு தடவை கேட்டாலும் சொல்வேன். எண்பதாயிரம் பவுண்டு வண்டி, உள்ள மாடு, முன்னாடி யார் புள்ளையோ. ஓட்டறவரு பாதித் தூக்கத்துல."

"இருபத்தெட்டு வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் கெடையாது."

"அம்மாவைப் பாருங்கப்பா. கீறல் எல்லாம் அங்க இருக்கு."

"கெல்சி, சாப்பிடு," என்றாள் ஆர்லீன்.

"நீ சும்மா இரும்மா. உன் கண்ணுக்குக் கீழ இருக்கற கறுப்பைப் பாரு. தையல் ரூம்ல போய்ப் படுத்தாலும் செவுத்தைத் தாண்டி வருது இவர் சத்தம். ஒரு மனுஷி எவ்வளவு நாள்தான் தூங்காம இருப்பா? அப்பா, ப்ரோடி என்ன சொன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

ப்ரோடி கெல்சியின் மகன். ஏழு வயது. ஆர்லீனின் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை.

"வியாழக்கிழமை சாயங்காலம்," என்றாள் கெல்சி. "கிழக்குப் பக்கத் தண்டவாளம். அம்மா வண்டிய நிறுத்தி, கதவைத் தொறந்து, கையத் தூக்கியிருக்கா."

அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பள்ளிப் பேருந்து ஒவ்வொரு தண்டவாளத்துக்கு முன்பும் நின்றாக வேண்டும். கதவையும் ஜன்னலையும் திறந்து ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். ஆர்லீன் கையைத் தூக்கினால் நாற்பத்தோரு பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் 'போகலாம்' என்று சொல்லும்வரை ஒரு சத்தம் வராது. இருபத்திரண்டு வருடமாக அவள் பழக்கிவைத்தது. பள்ளியில் வேறு எந்த ஓட்டுநருக்கும் பிள்ளைகள் அப்படி அடங்குவதில்லை.

"கையத் தூக்கினவ எறக்கவே இல்லையாம். அப்புறம் கை தானா மடியில விழுந்துச்சாம். 'போகலாம்'னு சொல்லல. அதனால ஒருத்தரும் பேசல. பெரிய பசங்க விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்களாம். நூத்து நாப்பது வரைக்கும். அப்புறம் பின்னாடி யாரோ ஹாரன் அடிச்சாங்களாம், அம்மா 'போகலாம்'னு சொன்னாளாம். என் புள்ளை அதை ஏதோ விளையாட்டுன்னு நெனைச்சுட்டுச் சிரிக்கறான். பாட்டிதான் ஜெயிச்சாங்களாம்."

ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருந்தது. நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். காற்றில் உருகிய பனியின் வாசனை. காது கொடுத்தாள். பின்னால் ஒருவன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். 'போகலாம்' என்றாள். நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு நூல்கூட அறுபடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நூற்று நாற்பது எண்ணும் அளவு நேரம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை நேரமும் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது பிரேக்கின்மேல் தூங்கிப்போன அவளுடைய கால் ஒன்றுதான்.

"எல்லாம் உங்க குறட்டைப்பா," என்றாள் கெல்சி. "நீங்க மூச்சு விடறதே இந்த வீட்டுல மத்தவங்களைக் கொல்றதுக்குத்தான்."

ரோலண்ட் வாயைத் திறந்தான். ஆர்லீன் அவனைப் பார்த்தாள். பதினோரு வருடங்களாகக் கேட்ட வசைக்கெல்லாம் அவனிடம் இப்போது ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்ல நான்கு வார்த்தைகள் போதும்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன, பேச்சைக் காணோம்? உலக அதிசயமா இருக்கே," என்றாள் கெல்சி. மேலங்கியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அம்மா, நீ என் வீட்டுல வந்து படு. நாலு நாள் தூங்கினா சரியாயிடுவ," என்றாள்.

அவளுடைய கார் கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்தது.

*

"சொல்லியிருக்கலாமே நீ," என்றாள் ஆர்லீன்.

"சொன்னா, பெட்டிய யாருக்கு மாட்டினீங்கன்னு கேப்பா. நேரா ஹோல்கம்கிட்ட போவா. அப்புறம் ஏமாத்தினவன்னு பேர் எழுதிடுவாங்க, ஆயுசுக்கும் ஓட்ட முடியாது."

"அப்ப உனக்காகத்தான் வாய மூடின."

"பின்ன உனக்காகவா?"

அந்தப் பதில் அவளுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. அவன் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது.

கிண்ணங்களை எடுத்தாள். தண்ணீரைத் திறந்தாள். சில்லியின் சிவப்பு எண்ணெய் வட்டமாகச் சுற்றி இறங்கியது. ஜன்னல் வழியே ஒன்பதாம் எண் வண்டி தெரிந்தது. வெயிலில் மஞ்சளாக, கழுவி வைத்ததுபோல். இந்த வீட்டில் அவன் கை படாத பொருள் அது ஒன்றுதான். அதில் ஏறி உட்கார்ந்தால் நாற்பத்தோரு பேர் அவள் கை அசைவுக்குக் கட்டுப்பட்டார்கள். வீட்டில் ஒருவனும் கட்டுப்படவில்லை.

"ரெண்டு முப்பத்தஞ்சுக்குக் கிளம்பறேன்," என்றாள்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கு என்ன புதுசா?"

"ஆர்லீன்."

"நல்ல காபியா ஒண்ணு குடிச்சுட்டுப் போறேன். ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கறேன். ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கறேன். ஜூன் மாசம்தான் எனக்கு மருத்துவப் பரிசோதனை. அதுக்குள்ள பாத்துக்கலாம். என் கழுத்தை யாரும் அளக்க மாட்டாங்க."

காபி, ஜன்னல், ரேடியோ. இருபத்தெட்டு வருடமாக ரோலண்ட் இதே மேஜையில் சொல்லிவந்த வார்த்தைகள். அவன் சொன்னபோதெல்லாம் ஆர்லீன் அவனை எப்படிப் பார்ப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அதே பார்வை தன் முகத்தில் இருப்பதை அவனே உணர்ந்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் குளியலறையில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது லாரி இன்ஜின் உறுமியது.

துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். மாட்டு லாரி முற்றத்தில் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று அடி ட்ரெய்லரை அவன் ஒரே திருப்பில் மடக்கி, கேட்டின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரை குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு பூனை நுழையலாம். பேருந்து நுழைய முடியாது. இன்ஜின் அடங்கியது. அவன் இறங்கி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சக்கரத்தில் சாய்ந்து நின்றான்.

*

ஆர்லீன் பேருந்தில் ஏறினாள். பேருந்தை அவன் எதிரில் இருபதடி தூரம்வரை கொண்டுவந்து நிறுத்தினாள். ஹாரனை அழுத்தினாள். பக்கத்துப் பண்ணையின் நாய்கள் குரைக்கும்வரை அழுத்தினாள்.

அவன் அசையவில்லை. அவள் கதவைத் திறந்தாள்.

"எடு வண்டிய."

"அட்டை இல்லாதவன் ஓட்டக் கூடாது. சட்டம்."

"ரோலண்ட், நாப்பத்தோரு புள்ளைங்க காத்துட்டிருக்கும்."

"அதான் சொல்றேன். ஆபீசுக்குச் சொல்லு. இல்ல, நான் சொல்றேன்."

"நீ சொன்னா உன் கதையும் வெளிய வரும்."

"வரட்டும். உன் வியாதி என் அட்டையைத் தின்னாச்சு. இனிமே எனக்கு என்ன இருக்கு?"

"என்மேல இவ்வளவு அக்கறையா திடீர்னு?"

"உன்மேல யார் அக்கறைப்பட்டா?" அவன் குரல் உயர்ந்தது. "நீ தனியா போய் எந்த மரத்துல மோதினாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். மூணாவது சீட்ல ப்ரோடி உக்காந்திருக்கான்."

ட்ரெய்லரின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பழைய சாணத்தின் நாற்றம் காற்றில் வந்தது. ஆர்லீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். கண்கள் எரிந்தன. எப்போதும்போல.

"பதினோரு வருஷம்," என்றாள். "நீ குறட்டை விடறதாலதான் என் உடம்பு இப்படி ஆச்சுன்னு நெனைச்சுட்டிருந்தேன். காலைல எழுந்ததும் முதல் வேலை உன்னை வெறுக்கறது. அப்புறம்தான் பல் தேய்ப்பேன். இனிமே உன்னை எதுக்கு வெறுக்கறது?"

"தேடிப் பாரு. நெறைய கெடைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

டாஷ்போர்டில் வயர்லெஸ் கரகரத்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து பேசுகிற பெண்ணின் குரல். "ஒன்பது, ஒன்பது. கிளம்பியாச்சா?"

ஆர்லீன் அதைப் பார்த்தாள். பள்ளியின் பதினோரு ஓட்டுநர்களும் கேட்டுக்கொண்டிருக்கிற அலைவரிசை அது. 'டயர் பஞ்சர்' என்று சொல்லலாம். 'காய்ச்சல்' என்று சொல்லலாம். நாளை காலை ட்ரெய்லரை அவன் எடுத்துவிடுவான். அல்லது எடுக்க மாட்டான்.

"ஒன்பது, கேக்குதா?"

அவள் ஒலிவாங்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். பேச்சு வரவில்லை. அழுத்திய விரலை எடுக்கவும் முடியவில்லை. அவளுடைய மௌனம் பதினோரு வண்டிகளுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

"ஒன்பது பேசறேன்," என்றாள் கடைசியில். "என் ரூட்டுக்கு வேற ஆளை அனுப்புங்க."

"என்ன ஆச்சு ஆர்லீன்? வண்டியில கோளாறா?"

"வண்டி நல்லா இருக்கு. ஓட்டறவதான் சரியில்ல. எனக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குது. மணிக்கு முப்பத்தெட்டு தடவை. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

விரலை எடுத்தாள்.

ரோலண்ட் சக்கரத்திலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றான். அந்த எண்ணை அவள் தன் பேரில் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள். அப்படியென்றால் அவன் பேரில் இப்போது எந்த எண்ணும் இல்லை. அவனுடைய பெரிய கை தன் கழுத்தின்மேல் போய் உட்கார்ந்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ரொம்பக் குதிக்காதே," என்றாள் ஆர்லீன். "பெட்டி திரும்ப வரும். இந்தத் தடவை உனக்கு. நானே பக்கத்துல உக்காந்து மாட்டிவிடறேன். யாருக்கும் குடுக்க முடியாதபடி."

அவன் மறுபடியும் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான். கால் மணி நேரத்தில் ட்ரெய்லருக்கு அந்தப் பக்கம் ஒரு கார் சரளைக்கல் தெறிக்க வந்து நின்றது. கதவு சாத்தப்பட்டது. ட்ரெய்லருக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, சோளத் தூசி படிந்த இரண்டு காலணிகள் தெரிந்தன.

"அம்மா!" கெல்சியின் குரல். "ஒன்பதாம் நம்பர் பஸ் வராது, புள்ளையை வந்து கூட்டிட்டுப் போங்கன்னு பள்ளிக்கூடத்துலேருந்து சேதி வந்திருக்கு. என்ன நடக்குது இங்க? வயர்லெஸ்ல நீ ஏதோ முப்பத்தெட்டுன்னு சொன்னியாமே. அப்பாவோட முடிவுதானே அது? உனக்கு எப்பம்மா சோதனை பண்ணாங்க?"

ரோலண்ட் ஆர்லீனைப் பார்த்தான். ஆர்லீன் ரோலண்டைப் பார்த்தாள்.

"அப்பா? கேக்குதா இல்லையா? யாராவது பேசுங்க!"

பேருந்தின் கதவு திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். நூற்று நாற்பது என்பது எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள விரும்பியவள்போல, ஆர்லீன் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

காலணிகள் ட்ரெய்லரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தபோது அவள் அறுபதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.